அடுப்புச் சூடும் பெட்டிச் சூடும்

எங்கள் கோர்பாவில் வெள்ளைத் துணியை யாரும் வெளியே காயப்போடுவதில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் நமக்கு முன்பே கொடியில் வந்து உட்கார்ந்திருக்கும். அந்தச் சாம்பலை வைத்துச் சிமென்ட் இல்லாமல் கான்கிரீட் செய்வதுதான் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் என் வேலை. சாம்பலைக் காரக் கரைசலோடு பிசைந்து, அச்சில் ஊற்றி, சூடு காட்டினால் கல்லாக இறுகிவிடும். சூட்டை எப்படிக் காட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, ஐயா.

நான் அடுப்புக்காரன். மின்சார அடுப்பில் ஒரு நாள் முழுக்க வைப்பேன். சூடு வெளியிலிருந்து மெல்ல உள்ளே இறங்கும். எனக்குப் பின் வேலைக்குச் சேர்ந்த தனேஸ்வரி கன்வர், ஆள் உயர மைக்ரோவேவ் பெட்டி ஒன்றை வரவழைத்தாள். அது உள்ளே இருக்கும் ஈரத்தையே நேராகச் சூடாக்கும். என் ஒரு நாள் வேலையை அவள் சில நிமிடங்களில் முடித்தாள். அவள் கட்டிகளும் என்னுடையவை போலவே உறுதியாக இருந்தன.

"தேவாங்கன் அண்ணா, உங்க அடுப்பு வேகவைக்கிறதுக்குள்ள எனக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ள பொறந்துடும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது.

"சின்னக் கட்டி சரிம்மா. கனமான பலகைன்னா உள்ள தண்ணி கொதிச்சுப் பிளந்துடும்" என்றேன் ஒரு நாள்.

"கொதிக்க விட்டாத்தானே? பெட்டியோட சூட்டுக் குமிழைக் குறைச்சு வெச்சுச் செஞ்சு காட்டறேன், பாருங்க."

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஆழமான கழிவுநீர்த் தொட்டிக்கு மூடியாக ஒரு பலகை வார்த்தாள். பெட்டிக்குள் இரும்புக் கம்பி போகக் கூடாது என்பதால் கண்ணாடி நார் கலந்தாள். எதையும் மறக்கிறவள் அல்ல. குமிழைக் குறைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். நான் அதை முழுக்கத் திருகினேன். அவள் வருவதற்குள் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

பலகை வழவழவென்று வந்தது. விரிசல் எல்லாம் உள்ளேதான். அவள் அதைக் கன்றுக்குட்டியைப் போலத் தடவிக் கொடுத்தாள். மின்நிலைய அதிகாரிகள் பார்க்க வரும்போது சோதனை இயந்திரத்தில் வைப்பார்கள், சீக்கிரமே உடையும், இவள் கொஞ்சம் தலை குனிவாள். நான் நினைத்தது அவ்வளவுதான்.

அவர்கள் வந்த அன்று பார்த்தால், பலகை தொட்டியின் மேலேயே கிடந்தது. "மெஷின்ல நசுக்கிக் காட்டறதுல என்ன இருக்கு? நானே ஏறி நிக்கறேன்" என்று செருப்பைக் கழற்றினாள். என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்களும் வாங்க. ரெண்டு பேரையும் தாங்கும்."

ஒரு வார்த்தை போதும், ஐயா. ஆனால் அதைச் சொன்னால் குமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீ போம்மா" என்றேன்.

நடுவில் நின்று, சிரித்துக்கொண்டே ஒருமுறை குதித்துக் காட்டினாள். பலகை இரண்டாகப் போயிற்று. அவள் விழுந்த பிறகு ஒரு பாதி அவள்மேல் விழுந்தது.

காரியங்கள் முடிந்ததும் அவள் அப்பா பிசாகு, அவளுடைய பொருள்களை எடுத்துப்போக வந்தார். "எம்பொண்ணு எங்க சார் தப்புப் பண்ணினா?" என்று கேட்டார்.

"அவசரப்பட்டுட்டா" என்றேன்.

"நீங்க சொல்லித்தான் இருப்பீங்க. அவதான் கேட்டிருக்க மாட்டா" என்று என்னைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் என்னை இந்தக் காவல் நிலையத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. அதன் பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கக்கூட எனக்குக் கூசுகிறது.

ஆம். குமிழைத் திருகியது நான். போ என்றதும் நான். அவள் அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் ஆகாது.

ஒன்றை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள், ஐயா. கனமான பலகைக்கு மைக்ரோவேவ் சரிப்படாது என்று நான் முன்பே சொன்னேன். நான் சொன்னபடியேதான் ஆயிற்று.