செவலைப் பசு இருக்கும் பக்கம்

காரவள்ளி தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியபோது, முன்சீட்டு அம்மாள் சொன்னார்: "புத்தகத்தைத் திருப்பித் தர மாட்டேனுங்க."

பக்கத்தில் இருந்தவர் நூலகர். "மாட்டு டாக்டர் எழுதினதுதானுங்களே? ஒரு வருஷமா வெச்சிருக்கீங்க. மத்தவங்களும் கேக்கறாங்க."

"அதுல என் செவலைப் பசு இருக்குதுங்க. கன்னு வயித்துக்குள்ள குறுக்க மாட்டிக்கிச்சு. பசு பொழைக்காதுன்னு டாக்டர் கிளம்பிட்டாரு. நான் வழியை மறிச்சு, இன்னொருக்கா உள்ள கைய விட்டுப் பாருங்கன்னேன். ரெண்டும் பொழைச்சுது."

"சரிங்க."

"'அந்தம்மா சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு'ன்னு அவரே எழுதியிருக்காருங்க. வேற எந்த ஆபீசருங்க அப்படி எழுதுவாரு?"

நூலகர் கேட்டார்: "எந்தப் பக்கமுங்க?"

அம்மாள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பிடியை விடாமலே விரித்துக் காட்டினார்.