பச்சையில் மூன்று கோடுகள்

மீன்கொத்தி இறகை அம்மியில் வைத்து அரைத்தால் நீலம் வராது, முனிரத்தினம் சார். பழுப்புத் தூள்தான் மிஞ்சும். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் பொறுக்கிய இறகை நானே அரைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் மனைவி என்னைத் திட்டிக்கொண்டே அம்மியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இறகில் நீலச் சாயமே கிடையாது. உள்ளே இருக்கும் நுண்ணிய அமைப்பு வெளிச்சத்திலிருந்து நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அமைப்பு கலைந்தால் நிறம் போச்சு. உங்கள் ஸ்டேஷனில் இதை யாராவது புரிந்துகொண்டால் நன்றாயிருக்கும்.

அதையே பிளாஸ்டிக்கில் செய்ய, குரோம்பேட்டையில் எங்கள் கம்பெனியின் பின்கட்டில் ஏழு வருஷம் முட்டி மோதினேன். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகளைத் தண்ணீரில் கலந்து, தட்டில் ஊற்றி, அசையாமல் உலரவிட வேண்டும். மணிகள் தாமாகவே வரிசையாக அமர்ந்தால் சாயம் போடாமலே பச்சை பிறக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி போனால் போதும், எல்லாம் பாழ். ஸ்கூட்டர் டியூபுக்குக் காற்றடித்து, அதன்மேல் பலகை போட்டுத் தட்டை வைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் என் உதவியாளர் ஏசுபாதம். கெட்டிக்காரர். அவரை எனக்கு நிஜமாகவே பிடிக்கும்.

உலர்த்தும் அறை குளியலறை அளவுதான். ஜன்னலை அடைத்துவிட்டோம். தூசி படாமலிருக்க, உள்ளே மூலையிலிருக்கும் சிலிண்டரிலிருந்து நைட்ரஜன் வாயு மெல்ல வந்துகொண்டிருக்கும். இரும்புக் கதவு காற்றுக்கு ஆடும் என்பதால், ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் காத்திருப்பது எங்கள் வழக்கம். அந்தத் தாழ்ப்பாள் சண்டிப் பிறவி. போடும்போது சாதுவாக விழும்; திறக்க இழுத்தால் அறையையே ஒரு உலுக்கு உலுக்கிவிடும்.

தொண்ணூற்றொன்று ஆகஸ்ட், சனிக்கிழமை மத்தியானம். தட்டின் ஓரத்திலிருந்து பச்சை உள்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பச்சையை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. திங்கட்கிழமை பம்பாயிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் வருவதாக இருந்தது. காட்ட ஒன்றும் இல்லையென்றால் எங்கள் பிரிவை மூடிவிடுவார்கள். சிலிண்டர் பலமாகச் சீறும் சத்தம் கேட்டு ஏசுபாதம் உள்ளே போனார். நான் வழக்கம்போலத் தாழ்ப்பாள் போட்டேன்.

கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"சார், வால்வு கையோட வந்துடுச்சு சார். மூட முடியல. கதவைத் தொறங்க, தல சுத்துது."

நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. விஷமும் இல்லை. அறையிலிருக்கும் காற்றைத் தள்ளிவிட்டுத் தான் வந்து நிறைந்துகொள்ளும், அவ்வளவுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தாழ்ப்பாள்மேல் கை வைத்தேன்.

"கதவை இடிக்காதீங்க ஏசுபாதம். பச்சை கலைஞ்சிடும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க," என்றேன்.

"சரி சார்," என்றார்.

அப்புறம் ஒருமுறை விரல் முட்டியால் தட்டினார், பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்க வந்தவர் மாதிரி. சற்றுக் கழித்து இன்னொரு முறை, அதைவிட மெதுவாக.

நாலு மணிக்குத் திறந்தேன். பச்சை முழுசாக ஏறியிருந்தது. நான் சாப்பிடப் போயிருந்தேன், அவர் உள்ளே போனதுமே மயங்கி விழுந்திருப்பார் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் நம்பினார்கள். பம்பாய்க்காரர்கள் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள், அழகாக இருக்கிறது என்றார்கள், டிசம்பரில் பிரிவை மூடினார்கள்.

ஓரத்திலிருந்து உள்ளங்கையளவு துண்டை வெட்டி, கண்ணாடி போட்டு, அவர் மனைவி ஞானம்மாளிடம் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம். வீட்டில் ஏசு படத்துக்குப் பக்கத்தில் ஆறு வருஷம் மாட்டி வைத்திருந்தாராம். போன வாரம் அதைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"வெயில்ல புடிச்சா ஓரத்துல ரெண்டு கோடு கீது சார். இன்னா சார் அது?"

பொருளைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வராது. "ரெண்டு இல்லம்மா, மூணு. மூணாவது ரொம்ப மெல்லிசு, மைக்ராஸ்கோப்லதான் தெரியும். உலர்றப்ப அதிர்ச்சி வந்தா அங்கே ஒரு கோடு விழும்," என்றேன். முதல் கோட்டிலிருந்து மூன்றாவது வரை இடைவெளியை அளந்து பார்த்ததையும் சொன்னேன். உலரும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் பதினோரு நிமிஷம்.

ஞானம்மாள் அந்தத் துண்டை மறுபடி புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார்.

"உள்ள போனதுமே பூட்டாருன்னு சொன்னீங்களே சார்," என்றார்.

அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள் சார். நான் சாப்பிடப் போகவில்லை. தாழ்ப்பாள் என் கையில்தான் இருந்தது, இழுக்கவில்லை. ஏசுபாதத்தைக் கொன்றது நான்தான். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: மூன்றாவது கோட்டுக்கு அப்புறம் பச்சை துளிகூடக் கலையவில்லை. வேலையின் அருமை தெரிந்த மனுஷர்; அதனால்தான் தட்டுவதை நிறுத்திக்கொண்டார்.