நாற்பத்தாறில் முடியும் நம்பர்

ஹலோ... ஹலோ, தேவியா?... வச்சுடாத தேவி. வச்சுடாதம்மா, ஒரே நிமிஷம்... ஆங், நான்தான். கோமளா. திருத்தணி லாட்ஜிலேருந்து... ஆமா, இது வேற நம்பரு. பழைய நம்பர்ல கூப்பிட்டா நீ எடுக்க மாட்ட, அதான்.

இல்ல இல்ல, யாருக்கும் ஒன்னும் ஆகல. எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்க... எல்லாரும்னா யாரு, நான்தான். நான் நல்லாத்தான் இருக்கறேன்... தம்பி, உன் வூட்டுக்காரரு, வூட்ல இருக்கறாரா?... ட்யூட்டியா. எப்ப வருவாரு?... நாலு மணிக்கா. சரி சரி, இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. அதுக்குள்ள முடிச்சுக்கறேன்.

விஷயம் இன்னான்னா, நம்ம லாட்ஜ நீ மேப்புல போட்டியே... ஆங், அதேதான். போட்டோல்லாம் ஏத்தி, போன் நம்பர் போட்டு, பத்து ரூம், வெந்நீர் உண்டுன்னு எழுதுனியே, அந்தப் பக்கத்துல எவனோ பூந்துட்டான்மா. நம்ம நம்பர எடுத்துட்டு அவன் நம்பர போட்டு வச்சிருக்கறான். ஜனங்க லாட்ஜுன்னு நெனச்சு அவனுக்குப் போன் பண்ணுது. அவன் ரூம் இருக்குது, அட்வான்ஸ் அனுப்புன்னு வாங்கிப் போட்டுக்கறான்... ஆங்... ஆங்... இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுது.

பள்ளிப்பட்டுலேருந்து ஒரு குடும்பம் வந்துது. கொழந்தைக்கு மொட்ட அடிச்சு காது குத்த. கந்தன்னு பேரு அந்த ஆளுக்கு. புக் பண்ணிட்டேன்றாரு. யாருகிட்டன்னா மேனேஜருகிட்டன்றாரு. நமக்கு ஏது மேனேஜரு? நான் இல்லன்னு சொல்ல, அவரு வூட்டம்மா வாசல்ல நின்னுகினு என்னத் திருடின்னுட்டாங்க தேவி. தெருவே பாத்துது. முப்பது வருஷமா இந்தத் தெருவுல இருக்கறேன், ஒருத்தர் வந்து இன்னா ஏதுன்னு கேக்கல... பத்து ரூமும் ரொம்பிடுச்சு, என் ரூமத்தான் குடுத்தேன். வேற எங்க போவாங்க, கைக்கொழந்தையோட. நான் ஆபீஸ் ரூம்ல பாய் போட்டுக்குவேன்.

கிருத்திகை இன்னும் அஞ்சே நாள்ல. இன்னும் எத்தன பேரு அவனுக்கு அனுப்பிட்டு வந்துகினு இருக்கறாங்களோ. காவடிய தோள்ல வச்சிகினு குடும்பம் குடும்பமா வந்து நின்னா நான் இன்னா பதில் சொல்லுவேன்?

ஆங், உள்ள போய்ப் பாத்தேன். பாஸ்வேர்ட மாத்திட்டான். மறந்துட்டீங்களான்னு ஒரு இடம் இருந்துது, அமுக்கினேன். ஆறு நம்பர் அனுப்பறோம்னு வருது. எந்தப் போனுக்குன்னா, எல்லாம் நட்சத்திரமா போட்டு கடைசில நாப்பத்தாறுன்னு காட்டுது... ஆமா, உன் நம்பர்தான். நீதான் அன்னிக்குப் போட்ட, அப்படியே இருக்குது. உள்ள பூந்தவன் அதக் கவனிக்கல போல. அப்பறம்தான் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு போனக் கேட்டு வாங்கி இந்த நம்பர்லேருந்து பண்றேன்.

நான் இப்ப என் போன்ல அமுக்கினா உன் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். அந்த ஆறு நம்பர மட்டும் படிச்சு சொல்லிடு. அவ்ளதான்...

இன்னாது?... நானா? நான் கோமளாதான்டி, வேற யாரு!... குரல அப்படியே பண்ணிப் பேசறாங்களா? மெஷின்லயா?... அடக் கஷ்டகாலமே. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல, டிவில எல்லாம் கத்தறாங்கதான். நீ சொல்றது நியாயம். இல்ல, கோவம் ஒன்னும் இல்ல. நானா இருந்தா சட்டுனு குடுத்திருப்பேன். உனக்கு எப்பவும் புத்தி ஜாஸ்தி... சரி கேளு. இன்னா வேணா கேளு.

ம்... ம்... கல்யாணம் ஆன மொத வாரம் நீ எங்க உக்காந்து அழுதன்னா?... ஆறாம் நம்பர் ரூம்ல. பீரோவுக்குப் பின்னாடி. நான்தான் வெளியில பூட்டுப் போட்டு, ரூம்ல ஆள் தங்கியிருக்கறாங்கன்னு எல்லாருக்கும் பொய் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும். காபி கொண்டாந்து ஜன்னல் வழியா குடுத்தேன்... உங்க பாவாகிட்ட, என் வூட்டுக்காரருகிட்டகூட சொல்லல. சாகற வரைக்கும் அவருக்குத் தெரியாது.

போதுமா? நான்தான்னு நம்பறியா?... சிரிக்கறியா அழறியா, ஒன்னும் தெரியல.

சரி, அமுக்கறேன்... வந்துதா?... சொல்லு. எட்டு... சைபர்... ரெண்டு... ஆங்... ஆங்... ஏழு. இரு, போடறேன்...

இல்ல தேவி. தப்புன்னு வருது... ஆமா, சரியாத்தான் போட்டேன். எனக்கு இதெல்லாம் கை வராது, உனக்குத் தெரியுமே... இன்னொரு தரம் அனுப்பச் சொல்றேன். ஆங், அமுக்கிட்டேன். வரும் இரு... இன்னும் வரலையா? டவர் சரியில்லாம இருக்கும். பரவால்ல, நான் லைன்ல இருக்கறேன். நீ வைக்காத.

பழைய பாஸ்வேர்டா? அதான், நாம போட்டதுதான். முருகன் முன்னூத்தி அறுவத்தஞ்சு... திட்டாத. நீயும்தான சேந்து வச்ச! வாய்ப்பாடு மாதிரி மறக்காதுன்னு. இந்த ஊர்ல எவன் வூட்டப் பாத்தாலும் வண்டி நம்பர்லேருந்து பெட்டிப் பூட்டு வரைக்கும் மலைப்படி எத்தினியோ அதுதான். பூக்கடைல, மொட்ட அடிக்கற எடத்துல, எல்லாம்... வைஃபைக்கா? வைஃபைக்கும் அதேதான். ஆபீஸ் செவுத்துல பெருசா எழுதி ஒட்டி வச்சிருக்கறேன், வர்றவங்க கேட்டுகினே இருக்கறாங்களேன்னு... ஆமா. ஆமா. தங்க வந்தவன் எவனோ அதப் பாத்துட்டு இங்கயும் போட்டுப் பாத்திருக்கறான். சாவிய ஆணியில மாட்டி, மேல பேரும் எழுதி வச்ச மாதிரி.

சொல்லு, எழுதிக்கறேன். உள்ள போனதும் மொதல்ல இன்னா பண்ணணும்?... புது பாஸ்வேர்டு. படிக்கணக்கு கூடாது. என் பையன் பிரகாஷ் பொறந்த தேதியும் கூடாது. சம்பந்தமே இல்லாத நாலு வார்த்த சேத்து. ஆங்... வைஃபைக்கு வேற. இதுக்கு வேற. செவுத்துல இருக்கறத கிழிக்கணும்... ம்... எந்தெந்தப் போன்ல தொறந்திருக்குன்னு ஒரு இடம் காட்டும், நம்மளது தவிர மத்ததெல்லாம் வெளிய தள்ளணும். ஆங்... அவன் நம்பர எடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சுக்கணும், போலீசுக்கு. போன்ல ஏமாத்துனா சொல்ற நம்பரு, ஒன்னு ஒம்போது மூணு சைபருக்குப் போன் பண்ணணும்... கந்தனையும் பண்ணச் சொல்லணும், இன்னிக்கே, லேட் பண்ணா காசு போயிடும்... சரி, எழுதிட்டேன். வாசல்ல போர்டு. அட்வான்ஸ் வாங்கறதில்ல, நேர்ல வந்தா ரூம்னு... தெலுங்குலயும் எழுதணுமா? ஆமா, புத்தூர் ஜனங்க வருமே. நீதான் தெலுங்கு எழுதுவ. எனக்குப் பேசத்தான் வரும்.

ஒரு நிமிஷம் இரு... இன்னாங்க? வெந்நீரு காலைல அஞ்சு மணிக்குத்தாங்க. ஆங், மோட்டாரு போட்டிருக்கறேன், போங்க... ரெண்டாம் நம்பர் ரூம்காரங்க. நாள் பூரா இப்படித்தான் பேச்சு. வெந்நீரு, பக்கெட்டு, சாவி. பூவம்மா காலைல வந்து பெருக்கிட்டு எட்டு மணிக்குப் போயிடறா. அதுக்கப்பறம் சாவி பக்கெட்டு தவிர யாரும் என்கிட்ட ஒன்னும் பேசறது இல்ல.

பிரகாஷா? கத்தார்லதான். ஞாயித்துக்கெழம பண்ணுவான். சாப்பிட்டியாம்மா, மாத்திர போட்டியாம்மா, வைக்கறேம்மா. நல்ல பையன்தான், கொற சொல்லக் கூடாது... எனக்கா? சக்கர கொஞ்சம் ஏறியிருக்குது. அத வுடு. நீ எப்படி இருக்கற? அந்தத் தல வலி இன்னும் வருதா?... வருதா. நான் சுக்கு அரச்சு நெத்தியில பத்துப் போட்டு விடுவேனே...

இன்னும் வரலையா மெசேஜ்? வரும் வரும். கொஞ்ச நேரம் பாக்கலாம்.

தேவி, ஒன்னு சொல்லணும். அன்னிக்கு அண்ணன் தம்பி பாகம் பிரிச்சப்ப, உங்க பாவா உன்ன வந்தவ வாய மூடுன்னாரு. நான் அடுப்புகிட்ட நின்னுகினு இருந்தேன். நானும் வந்தவதான். ஒரு வார்த்த பேசியிருக்கலாம். பேசல. பயம். அப்பறம் அவரு போனாரு, தம்பி நேரா சுடுகாட்டுக்கு வந்துட்டு அப்படியே திரும்பிட்டாரு, நீ வரல. வர வுட மாட்டாருன்னு தெரியும். தெரிஞ்சும் வாசலையே பாத்துகினு இருந்தேன். அரக்கோணம் இன்னா அமெரிக்காவா, ரயில் ஏறினா அர மணி நேரம்... அழாத. தப்பு என் மேலதான். நாலு வருஷமா மனசுல வச்சிகினு இருந்தேன், சொல்லிட்டேன்.

இன்னா?... இன்னா மெசேஜ்?... பாஸ்வேர்டு மாத்தியாச்சுன்னு உனக்கு வருதா?... ஐயோ. அது உனக்கும் வருமா.

...

எப்பன்னு போட்டிருக்குது?... ம்.

ஆமா தேவி. மொதல்ல சொன்ன நம்பர்லயே தொறந்துகிச்சு. தப்புன்னு வரல. நான் சும்மா சொன்னேன். நீ ஒவ்வொன்னா சொல்லச் சொல்ல நான் இங்க ஒவ்வொன்னா பண்ணிகினே இருந்தேன். அவன் நம்பர போட்டோ எடுத்துட்டு தூக்கிட்டேன், நம்மளத போட்டுட்டேன். ரெண்டாவது மெசேஜ் நான் கேக்கவே இல்ல. அதான் வரல... திட்டு. நல்லா திட்டு. தொறந்துகிச்சுன்னு சொன்னா நீ வச்சிருப்ப. சரிக்கா, பாத்துக்கன்னு வச்சிருப்ப. அதுக்கு மேல உன்ன நிறுத்தி வைக்க என்கிட்ட இன்னா இருக்குது?

...ம்... எனக்குந்தான் தேவி. எனக்குந்தான்.

ஆங்? இன்னும் ஒன்னு பாக்கியா? சொல்லு... உன் நம்பரா? அத எதுக்கு எடுக்கணும்? இருந்துட்டுப் போகட்டுமே, ஒரு ஓரமா... தம்பி பாப்பாரா, உன் போன. லாட்ஜுலேருந்து மெசேஜ் வந்தா கேப்பாரா... அடிக்கறாரா?... இல்லயா? பேச மாட்டாரா? எத்தன நாளு?... மாசக்கணக்காவா. அடப்பாவி மனுஷா. இத்தினி நாள் நான் மட்டும்தான் பேச ஆளில்லாம கெடக்கறேன்னு நெனச்சிகினு இருந்தேன்.

சரி. சரிம்மா. உனக்குத் தொந்தரவுன்னா வேணாம். எடுத்துடறேன். இப்பவே எடுக்கறேன்... தொறந்துட்டேன். நீக்கவான்னு கேக்குது... அமுக்கிட்டேன். போயிடுச்சு. வேற நம்பர் போடுங்கன்னு காலியா ஒரு கட்டம் நிக்குது. நம்பிக்கையான ஒருத்தர் நம்பரு போடணுமாம். அப்பறமா போட்டுக்கறேன், யாருதாவது.

தேவி, பாதுகாப்பு பாதுகாப்புன்னு எல்லாத்தையும் பூட்டிட்டோம். இனிமே உன்னக் கூப்பிட எனக்கு ஒரு காரணமும் இல்லாம போச்சே. கிருத்திகைக்கு வாயேன்? தம்பிகிட்ட கோயிலுக்குன்னு சொல்லிட்டு. மலைக்குப் போற வழில ஒரு நிமிஷம்... நான் வாசல்லயே நிக்கறேன். உள்ளகூட வர வேணாம். சும்மா அந்தப் பக்கமா நடந்து போ, நான் பாத்துக்கறேன்... வருவியா? ஆங்? சொல்லு, வருவ...

இன்னா சத்தம் அது? வண்டியா?... வந்துட்டாரா? நாலு ஆகலையே இன்னும்...

தேவி?... ஹலோ... யாருன்னு கேக்கறாரு, காதுல விழுது...

...

ஆங். ஆமாங்க. ராங் நம்பர்தாங்க. தெரியாம போட்டுட்டேங்க, மன்னிச்சுக்குங்க... இல்லீங்க, இனிமே இந்த நம்பருக்கு வராதுங்க. வச்சுடறேங்க.