கதவு திறந்திருந்தால் நகராது

டிரைவர் எழுதுவது என் தொழில் என்று சொன்னதும் உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு, லாரியா காரா என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் அம்மா சொந்தக்காரர்களிடம் “பையன் டிரைவர்” என்று சொல்லிவைத்ததில், வீடு மாற்றிய சித்தப்பா ஒருவர் என்னை வண்டியோடு வரச் சொன்னார். போய்ச் சாமான் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் சொல்வது வேறு டிரைவர். தன்னோடு ஒரு விசையோ வால்வோ இணைந்திருப்பது கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. இது இன்னது, இதனிடம் இப்படிக் கேள், இதற்கு இப்படிச் சொல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் உட்கார்ந்து எழுதிவைக்க வேண்டும். அந்த எழுத்துக்குத்தான் டிரைவர் என்று பெயர். அது ஒழுங்காக ஓடுகிறவரை யாரும் அதை நினைப்பதில்லை. எங்கேயாவது எதுவாவது கெட்டுப்போனால் முதல் பழி அதன் மேல்தான் விழும். நீங்கள் கூப்பிடாமலே நான் இங்கே வந்திருப்பதும் அதனால்தான். நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

இறந்துபோனவர் என் அக்காவின் கணவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். வெல்டராக இருந்து சொந்தப் பட்டறை வைத்தவர். பழைய இரும்பை அமுக்கிக் கட்டியாக்கும் இயந்திரம் செய்வது அவர் தொழில். ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு கதவு, ஒரு முனையிலிருந்து எண்ணெய் அழுத்தத்தில் தள்ளிக்கொண்டு வரும் கனமான பிஸ்டன். அவ்வளவுதான் இயந்திரம். கார் கதவைப் போட்டாலும் சரி, துணி துவைக்கும் மெஷினைப் போட்டாலும் சரி, தலையணை அளவுக்குச் சுருட்டி வெளியே தள்ளிவிடும்.

நான் வேலை இல்லாமல் அக்கா வீட்டு மாடியில் கிடந்த காலத்தில் மாமா ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். மூடிப்போன ஏதோ தொலைபேசிக் கம்பெனியின் பழைய கம்ப்யூட்டர் போர்டுகள், பவர்பிசி என்ற வகைச் சிப் வைத்தவை. சூட்டையும் தூசியையும் தாங்கும், விசிறி வேண்டாம், பட்டறைக்கென்றே செய்த மாதிரி இருந்தன.

“இதுல உன் லினக்ஸைப் போட்டு என் மெஷினை ஓட்ட முடியுமா மாப்ள?”

முடியும் என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த இரண்டு வருடத்தைக் கொடுத்தேன்.

போர்டுக்கு மின்சாரம் கொடுத்தால் ஒரு சின்ன விளக்கு எரியும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. அது பேச வேண்டிய கம்பியை என் மடிக்கணினியில் செருகிவிட்டு, கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாப்பாடு எடுத்துக்கொண்டு வரும் அக்கா வாசலில் நின்றே, “இன்னைக்காவது வாயைத் திறந்துச்சா?” என்பாள். இல்லை என்றால், “உன்னை மாதிரியே அழுத்தக்காரனா இருக்கும்” என்று தட்டை வைத்துவிட்டுப் போவாள். அது ஒருநாள் பேசியது. திரையில் எழுத்துகள் ஓடின. அதற்குப் பிறகுதான் உண்மையான பாடு. வால்வுகளை இயக்கும் அட்டைக்கு ஒரு டிரைவர் கிடைத்தது, ஆனால் சாதாரணக் கம்ப்யூட்டருக்காக யாரோ எழுதியது. இந்தப் போர்டு எண்களை எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்கிற ஜாதி. இருபத்தொன்று என்று சொன்னால் பன்னிரண்டு என்று எடுத்துக்கொள்ளும். பாதியை மாற்றினேன், மீதியைப் புதிதாகவே எழுதினேன். பிஸ்டன் முதல்முறை நான் சொன்னபடி நகர்ந்து, சொன்ன இடத்தில் நின்றபோது மாமா கையுறையைக் கழற்றிவிட்டு என் தலையில் கை வைத்தார். அவர் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

அந்த டிரைவரில் நான் மிகவும் மெனக்கெட்டது கதவு விஷயத்தில். கதவு திறந்திருந்தால் பிஸ்டன் நகரக் கூடாது. நகர்ந்துகொண்டிருக்கும்போது திறந்தாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும். நான் உருப்படியாகச் செய்த வேலை எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

எங்கள் இயந்திரம் ஓடிய ஒரு பழைய இரும்புக் கிடங்கில் நெட்டை என்று ஒருவர் இருந்தார். சாமான் அள்ளிப் போடுகிறவர். ஏதோ குழாய் குறுக்கே சிக்கியது என்று கதவைத் திறந்து கையை விட்டிருக்கிறார். பிஸ்டன் நிற்கவில்லை. கையைப் பிடித்து ஆளையே உள்ளே இழுத்துத் தோள்வரை நசுக்கிவிட்டது. நாங்கள் போனபோது அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். பெட்டிக்குள் சட்டைக் கையும் அதற்குள் இருந்ததும் தகரத்தோடு தகரமாக ஒட்டிக்கிடந்தன. மறுநாள் அவர் இறந்துவிட்டார்.

கிடங்கு ஆட்கள் அவசரத்துக்குக் கதவு விசையைக் கம்பியால் கட்டிவைத்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். எல்லா இடத்திலும் நடப்பதுதான். அப்படிக் கட்டிவிட்டால் கதவு மூடியிருப்பதாகவே டிரைவருக்குத் தெரியும். மாமா விசையைத் தடவிப் பார்த்துவிட்டு, யாரும் கட்டவில்லை என்றார். பிறகு கிடங்கு வாசலில், அத்தனை பேர் முன்னால், நெட்டையின் மனைவியிடம் போய் நின்றார்.

“எங்க கம்ப்யூட்டர்ல கோளாறும்மா. தப்பு எங்களோடது.”

அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை. அவர் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து மாமா எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். கதவிலிருந்து பம்பு மோட்டாருக்கு நேராக ஒயர் இழுத்துவிடுவது, கதவு திறந்தால் மின்சாரமே போய்விடும் என்பது அவர் யோசனை. என்னிடம் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

“நடுவுல உன் புரோகிராம் வேண்டாம் மாப்ள. ஒயர்னா பொய் சொல்லாது.”

நான் சரி என்றேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டேன். என் டிரைவர் பொய் சொல்கிறது என்று அவர் அர்த்தப்படுத்தியதை அக்காவும் கேட்டாள், அவள் மகளும் கேட்டாள்.

சனிக்கிழமை இன்னொரு டிரைவர் எழுதினேன். பழையதின் நகல்தான், கதவைப் பார்க்கிற பகுதியை மட்டும் எடுத்துவிட்டேன். நினைத்ததைவிட நேரம் பிடித்தது. கதவை இரண்டு தனித்தனி இடத்தில் சரிபார்க்கும்படி வைத்திருந்தேன், ஒன்றை எடுத்தால் மற்றது தடுத்தது. எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிறு பகலில் பட்டறையில் ஆள் இருக்காது. புது இயந்திரத்தில் அந்த ஒயருக்கான விசையைப் பொருத்த மாமா வந்தார். துணைக்கு நான். விசைக்கான பட்டையைப் பெட்டியின் உட்பக்கம் வெல்டிங் செய்ய வேண்டும். பிஸ்டனைப் பின்னால் இழுக்கச் சொன்னார், இழுத்தேன். முகமூடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனார். பம்பை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“ஓடட்டும். மறுபடி நகர்த்த வேண்டியிருக்கும். கதவுதான் திறந்திருக்கே.”

என் டிரைவரைத் தூக்கிப் போட வந்தவர், தன் உயிரை அதன் கையில் கொடுத்துவிட்டு மண்டி போட்டு உட்கார்ந்தார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

மடிக்கணினியில் புது டிரைவரை ஏற்றிவிட்டு, மிக மெதுவான வேகத்தில் பிஸ்டனை விட்டேன். பம்பு இரைச்சலில் அவருக்கு முதலில் தெரியவில்லை. பிஸ்டன் தகடு கால் பாதத்தைத் தொட்டபோது திரும்பிப் பார்த்தார். கதவுப் பக்கம் உடம்பை எக்கினார். அதற்குள் பாதம் சுவரோடு சேர்ந்துவிட்டது. கையிலிருந்த இரும்புப் பட்டையை எடுத்துக் குறுக்கே முட்டுக் கொடுத்தார். நல்ல யோசனைதான், ஆனால் அந்தப் பிஸ்டனுக்கு அது தென்னங்குச்சி. வளைந்து அவர் தொடையிலேயே ஏறியது. கணுக்கால் உடைகிற சத்தம் பம்பு இரைச்சலையும் தாண்டிக் கேட்டது.

அங்கே ஒருமுறை நிறுத்தினேன். நான் இரக்கமில்லாதவன் என்று நீங்கள் எழுதக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பம்பையும் நிறுத்தினேன், பேசுவது கேட்க வேண்டுமே. கிடங்கு வாசலில் நீங்கள் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள் என்றேன். அவர் முகமூடி கண்வரை சரிந்திருந்தது, நானே கை நீட்டித் தூக்கிவிட்டேன்.

“டிரைவர்ல தப்பில்ல மாப்ள. என் தப்புதான். எடுடா. உங்க அக்காவுக்காகவாவது எடு.”

டிரைவரில் தப்பில்லை. அவர் வாயாலேயே சொன்னார். அதற்குப் பிறகு ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். வலியில் சொன்னதை வலி போனதும் மாற்றிச் சொல்லிவிடுவார், யாரும் அப்படித்தான் செய்வார்கள். அவர் சொன்னது சொன்னபடி நிற்க வேண்டுமானால் அதற்குப் பிறகு அவர் வேறெதுவும் சொல்லக் கூடாது. பம்பைப் போட்டேன். இடுப்புவரை வந்தபோது அவர் கத்துவது நின்றுவிட்டது. நெஞ்சுக் கூட்டுக்கு அழுத்தமானியில் முள் லேசாகத்தான் ஏறியது, ஒரு தகர டப்பாவுக்கு ஏறுகிற அளவு. கதவு வழியாக வெளியே நீட்டியிருந்த வலது கை மட்டும் கடைசிவரை முழுசாக இருந்தது.

பிறகு பழைய டிரைவரையே திரும்ப ஏற்றினேன், புதியதைச் சுவடு இல்லாமல் அழித்தேன். கையைக் கழுவிக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் பிடியை விடுவிக்க ரொம்ப நேரமானது.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். போர்டைக் கழற்றிப் போய்ப் பார்த்தார். நான் திரும்ப ஏற்றிவைத்திருந்த டிரைவர்தானே அவருக்குக் கிடைக்கும். அதில் பிழை இருக்கிறது, இரண்டு சாவுக்கும் அதுதான் காரணம், விபத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. அனுதாபமாகக்கூடப் பேசினார்கள்.

அதற்குச் சில நாள் கழித்து, இன்று சாயங்காலம் அக்கா எனக்குத் தட்டில் சாப்பாடு போட்டு வைத்தாள். மாமா போன பிறகு அவள் அடுப்பைப் பற்றவைத்தது இன்றுதான். நான் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்து என் முதுகில் கை வைத்தாள்.

“நீ என்ன தெரிஞ்சா செஞ்ச? எழுதும்போது எங்கயோ ஒரு தப்பு விழுந்துடுச்சு. நான் உன்மேல மனசுல எதையும் வெச்சுக்கல. சாப்பிடு.”

நான் செய்யாத தப்புக்கு அவள் என்னை மன்னித்தாள். அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? டிரைவர் சரியாகத்தான் இருந்தது, கதவு திறந்திருப்பது அதற்குத் தெரியும், அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு நான்தான் தள்ளினேன் என்று முதலிலிருந்து விளக்கமாகச் சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் என் முதுகிலிருந்து கையை எடுத்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அவர் உன்னைக் கூப்பிட்டாரா?”

மாப்ள என்று கூப்பிட்டார் என்றேன். அவள் எழுந்து, மகளை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

ஆகவே மாமாவின் சாவை விபத்து என்பதிலிருந்து எடுத்துவிடுங்கள். திட்டம் போட்டு, முழு நினைவோடு நான் செய்த கொலை அது. எந்தத் தண்டனையானாலும் மறுக்கப் போவதில்லை. அதில் என் டிரைவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

நெட்டை விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த நிபுணர் என்ன சொல்கிறார் என்றால், இந்த வகைச் சிப் வேகத்துக்காகக் கட்டளைகளை முன்பின்னாக அனுப்பிவிடுமாம். ‘தள்ளு’ என்று சொன்ன அடுத்த நொடியே ‘நில்’ என்று சொன்னால், ‘நில்’ முந்திக்கொண்டு போய், ‘தள்ளு’ கடைசியாகப் போய்ச் சேரலாமாம். பிஸ்டன் நிற்காது. வரிசை மாறாமல் காக்க நடுவில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், நான் எழுதவில்லை என்கிறார். அவர் சொன்னதற்காகச் சோதித்துப் பார்த்தேன். மாடியில் ஒரு போர்டு மிச்சம் இருந்தது. இரவும் பகலும் அதைத் ‘தள்ளு’, ‘நில்’ என்று ஓடவிட்டு, வால்வுக்கு எந்த வரிசையில் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். லட்சக்கணக்கான தடவை சரியாகத்தான் போனது. ஒரே ஒரு தடவைதான் மாறியது. அதைப் போய்ப் பிழை என்று எழுதுவார்களா?