கடலை வெட்டச் சொன்னவள்

"கடல் வேண்டாம் அண்ணாச்சி. வெட்டிருங்க."

தூத்துக்குடியில் ஒரு ஸ்டுடியோ. என் பாஸ்போர்ட் படத்தில் புதிதாக முளைத்திருந்த இரண்டாவது தாடையை எடுத்துவிடச் சொல்லலாமா என்று கூச்சத்தோடு காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கடலையே எடுக்கச் சொன்னாள்.

கணினித் திரையில் அவள் போனில் எடுத்த படம் இருந்தது. கீழே கொஞ்சம் மணல், மேலே ஆகாயம், மிச்சமெல்லாம் கடல், தொலைவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் அவள் கணவன் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணி.

"தோணிய மட்டும் வெட்டிப் பெருசாக்குனா உடைஞ்சிரும் தாயி," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"போன்லயும் அதான் அண்ணாச்சி. எம்மவ விரிச்சு விரிச்சுப் பாத்துட்டு, பக்கத்துல போனா அப்பா தோணி கலைஞ்சு போவுதேன்னு அழுதா. செவுத்துல மாட்டுனா பக்கத்துல தெரியணும்."

"ஷார்ப் பண்ணிப் பாப்போம்."

புள்ளி முள்முள்ளாக எழுந்து நின்றது.

"இதப் பாத்தா உம்மவ தோணியா பலாப்பழமான்னுல்லா கேப்பா," என்று அவரே அதை அழித்தார்.

பிறகு ஆகாயத்தில் பாதியை வெட்டினார். இரண்டு பக்கமும் கடலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பெரிய சட்டத்துக்கு அளவெடுத்து வைத்ததும் புள்ளி ஒருவழியாகத் தோணியானது. அவள் திரைக்கு அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"கீழ மணல் எதுக்கு அண்ணாச்சி? அதையும் வெட்டிருங்க. இன்னும் பெருசாத் தெரியும்லா."

"கரை கிடக்கட்டும் தாயி. உம் மாப்பிள்ள வந்து எறங்கணும்லா."