முந்நூறு கிலோமீட்டர்

— ஆயுள் முழுக்கன்னு சொல்லித்தானே தம்பி மூணு வருஷம் முன்னாடி இதை என் தலையில கட்டினீங்க? இப்ப வந்து யார் ஆயுள்னு கேட்டா நான் என்ன சொல்றது?

— வண்டியோட ஆயுள் சார். நீங்க வாங்கினது வண்டியைத் தானா ஓட்டுற அசிஸ்ட் சாஃப்ட்வேர், அது அந்தப் பழைய வண்டியோட ஒட்டினது. அது ஓடுற வரைக்கும் அதுல இருக்கும்.

— நான் இங்க இருக்கேன், வண்டி கைமாறிப் போகுது. பணம் கட்டினது நானா வண்டியா?

— அதுக்குத்தான் சார் இந்த ஸ்கீமே. பழைய எலெக்ட்ரிக் காரை எங்ககிட்ட குடுத்துட்டுப் புதுசு எடுக்கிறவங்களுக்கு அந்த சாஃப்ட்வேரைப் புது வண்டிக்கு மாத்தித் தர்றோம். ஒரே ஒரு தடவைதான். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணியோட முடியுது.

— முடியுதுன்னு தெரிஞ்சுதானே காலையில பத்து மணிக்கே வந்தேன். இப்ப மணி மூணு. இதுவரைக்கும் என்ன நடந்திருக்கு? என் கையெழுத்து பதினாலு தடவை நடந்திருக்கு.

— ஏங்க, மெதுவாப் பேசுங்க. அங்க உக்காந்திருக்கிறவங்கல்லாம் திரும்பிப் பாக்கறாங்க.

— பாக்கட்டுமே. நான் கத்தலம்மா, என் தொண்டையே இப்படித்தான். இருபத்திரண்டு வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து கிளட்சை விடு, பிரேக்கை மிதின்னு கத்துறவன் தொண்டை வேற எப்படி இருக்கும்?

— சார் டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கீங்களா?

— பாரத்துல தொழில்னு ஒரு கட்டம் இருந்துச்சே, படிக்கலியா? இந்த ஊர்ல ஸ்டியரிங் பிடிக்கிறவன்ல பாதிப் பேர் என்கிட்ட திட்டு வாங்கினவன்தான். நீ எங்க கத்துக்கிட்ட?

— எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது சார்.

— நல்லாருக்கு. கார் விக்கிற ஆளு.

— ஒரு நிமிஷம் சார். இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.

— ஒண்ணும் வரல.

— எனக்கு வந்திருக்கு தம்பி. நாலு, ஒம்பது, ஒண்ணு, ஒம்பது.

— உனக்கு எதுக்கும்மா வருது?

— நீங்கதானே அன்னிக்கு என் நம்பரைக் குடுத்தீங்க. கண்ட கம்பெனிக்காரனும் போன் பண்ணி உயிரை வாங்குவான், உன் நம்பரையே போட்டுடுன்னு. மூணு வருஷமா வாங்குற உயிரை என்கிட்டதான் வாங்கறான்.

— ஓ. அக்கவுண்ட் மேடம் பேர்ல இருக்கு. வண்டி சார் பேர்ல இருக்கு. சிஸ்டம் ஒத்துக்காதே. ரெண்டும் ஒரே ஆளா இருக்கணும்.

— புருஷன் பொண்டாட்டி ஒரே ஆள் இல்லியா?

— சிஸ்டத்துக்கு இல்ல சார். மேடம் ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா மேனேஜர்கிட்ட காட்டி வாங்கிடலாம். அப்புறம் உங்க ரெண்டு பேரும் பழைய வண்டி பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு போட்டோ. நம்பர் பிளேட் தெரியணும்.

— கல்யாணத்துலயே எங்களுக்கு உருப்படியா ஒரு போட்டோ இல்ல. இந்தாம்மா, எழுந்திரு, போகலாம். மண்டை காயுது. அந்தச் சாஃப்ட்வேரே வேண்டாம், வெறும் வண்டியைக் குடு தம்பி, ஓட்டிட்டுப் போறேன்.

— உக்காருங்க.

— எதுக்கு?

— உக்காருங்கன்னு சொல்றேன்ல. தம்பி, பேப்பர் குடுங்க, நான் லெட்டர் எழுதறேன். யாருக்குன்னு போடணும்?

— மேனேஜருக்குன்னு போடுங்க மேடம்.

— எனக்கு ஒண்ணும் புரியலம்மா. அன்னிக்கு இதே மேஜையில, இது எதுக்குத் தண்டம், உங்களுக்கே வண்டி ஓட்டத் தெரியாதா, மிஷின் வந்து ஓட்டணுமான்னு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டது யாரு?

— நான்தான்.

— இன்னிக்கு நானே வேண்டாங்கறேன். நீ விடாம மல்லுக்கட்டுற.

— அது இல்லாம புது வண்டி நம்ம வாசலுக்கு வரக் கூடாது. அவ்வளவுதான். பேசாம அந்தப் போட்டோவுக்கு வாங்க.

— ...சரி, எடுத்தாச்சு. சிரிக்க வேற சொல்றான் உன் ஆளு. இப்பவாவது பட்டனை அமுக்குவியா தம்பி?

— இன்னும் ஒண்ணே ஒண்ணு சார். இத்தனை நாள் அந்த சாஃப்ட்வேர் என்னென்ன பண்ணுச்சுன்னு ஒரு பதிவு இருக்கு. அதை நான் படிச்சுக் காட்டணும், நீங்க சரின்னு சொல்லணும். அப்பதான் அடுத்த பக்கமே திறக்கும்.

— படிக்க வேண்டாம் தம்பி. சரின்னு போட்டுடுங்க.

— ஏன் படிக்க வேண்டாம்? படி தம்பி. நல்லா சத்தமாப் படி. இந்த மூணு வருஷத்துல நான் ஒரு நாள் கூட ஸ்டியரிங்கை விட்டுட்டு அதை ஓட்டச் சொன்னதில்ல. அது உங்க ஆளுங்களுக்கும் தெரியட்டும்.

— தானா ஓட்டினது... பூஜ்யம் சார்.

— கேட்டியா? பூஜ்யம்.

— தானா தலையிட்டது... நானூத்திப் பதினொண்ணு.

— அது என்னது?

— நீங்க ஓட்டிக்கிட்டு இருக்கும்போது இடிக்கப் போற மாதிரி இருந்தா, அதுவா பிரேக் போடும், இல்ல ஸ்டியரிங்கை லேசா இழுக்கும். அது நானூத்திப் பதினொரு தடவை.

— அதுவா. அது சும்மா சும்மா துள்ளும் தம்பி. ரோட்டோரமா ஒருத்தன் சிவனேன்னு போவான், இது பேயைப் பார்த்த மாதிரி நிக்கும். கேமரா கோளாறு. நானே சொல்லணும்னு இருந்தேன்.

— போன வாரம் எக்ஸ்சேஞ்ச் சோதனையில எட்டுக் கேமராவும் பார்த்தோம் சார். எல்லாம் சுத்தமா இருக்கு.

— அப்ப உங்க சோதனை கோளாறு.

— தம்பி, அந்த நானூத்திச் சொச்சமும் எப்பெப்ப வந்துதுன்னு தெரியுமா?

— பாக்கறேன் மேடம். முதல் ரெண்டு வருஷத்துல ஒம்பது. மீதி எல்லாம் இந்தப் பத்து மாசத்துல.

— எந்தப் பக்கம்?

— பக்கமா?

— முன்னாடியா, வலதா, இடதா? போட்டிருப்பாங்கல்ல?

— இடது... இதுவும் இடது... ஒரு நிமிஷம். மேடம், கிட்டத்தட்ட எல்லாமே இடது பக்கம்தான்.

— நீ என்னம்மா குறுக்கு விசாரணை பண்ற? போலீஸ்காரன் மாதிரி. இடது பக்கக் கேமராதான் கெட்டிருக்குன்னு அர்த்தம், முடிஞ்சுபோச்சு. சரின்னு போடு தம்பி. அமுக்கு.

— ஆமா தம்பி. சீக்கிரம் அமுக்குங்க. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்.

— அமுக்கிட்டேன். வாழ்த்துக்கள் சார், வாழ்த்துக்கள் மேடம். பழைய வண்டியில இருந்து கழண்டுடுச்சு, புது வண்டியில ஏறிடுச்சு. பச்சை டிக் வந்துடுச்சு பாருங்க.

— அப்பாடா. ஒரு பட்டனுக்கு அஞ்சு மணி நேரம். சாவியைக் குடு.

— இந்தாங்க சார். முதல் முந்நூறு கிலோமீட்டர் மட்டும் கொஞ்சம் பார்த்து ஓட்டுங்க. அதுக்கப்புறம் அசிஸ்ட் தானா வேலை செய்ய ஆரம்பிச்சுடும்.

— என்னது முந்நூறு?

— புது வண்டி இல்லியா மேடம், கேமரா எல்லாம் ரோட்டைப் பழகணும். அதுவரைக்கும் பிரேக், ஸ்டியரிங் எதுலயும் அது தலையிடாது. சாதா வண்டி மாதிரிதான். சாரே டிரைவிங் மாஸ்டர், அவருக்கு முந்நூறு கிலோமீட்டரெல்லாம் ஒரு விஷயமா?

— தம்பி, அதைத் திருப்பிப் பழைய வண்டிக்கே மாத்துங்க.

— மேடம்?

— மாத்துங்கன்னு சொல்றேன். நாங்க பழைய வண்டியிலேயே வீட்டுக்குப் போறோம். புதுசு வேண்டாம்.

— ஒரே ஒரு தடவைதான் மேடம். நான் காலையில இருந்து அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன். பழைய வண்டியில இப்ப அது கிடையாது.

— அப்ப ரெண்டு வண்டியிலயும் இல்ல.

— இப்போதைக்கு இல்ல மேடம். முந்நூறு கிலோமீட்டர் ஓடினா...

— யார் ஓட்டுறது அந்த முந்நூறை?

— இது என்ன கேள்வி? நான்தான் ஓட்டுவேன். காலையில சின்னவளை நீச்சல் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகப் பதினாறு, வரப் பதினாறு. பத்தே நாள்ல முடிஞ்சுடும்.

— அவ இனிமே ஆட்டோவுல போவா.

— ஆட்டோவுலயா? வாசல்ல புது காரை நிறுத்தி வச்சுட்டுப் புள்ளையை ஆட்டோவுல அனுப்புவியா? உனக்கு என்னம்மா ஆச்சு? காலையில இருந்து எதுக்கெடுத்தாலும் எதிர்ப் பாட்டு பாடுற.

— தம்பி, உங்க கம்பெனியில டிரைவர் யாராவது இருந்தா அனுப்புங்க. அந்த முந்நூறையும் அவர் ஓட்டிக் குடுக்கட்டும். ஆகிற செலவை நான் பார்த்துக்கறேன்.

— டிரைவரா? எனக்கா? என் வீட்டு வாசல்ல, டிரைவிங் மாஸ்டர் வாசல்ல, எவனோ ஒருத்தன் வந்து வண்டி எடுப்பான், நான் பின்னாடி உக்காந்து வேடிக்கை பார்க்கணும். என்கிட்ட படிச்ச பயலுங்க பார்த்தா வாயால சிரிக்க மாட்டானுங்க.

— அப்ப நான் ஓட்டறேன். ஊருக்கெல்லாம் கத்துக் குடுத்தீங்க, எனக்குக் கத்துக் குடுங்கன்னு எத்தனை வருஷமாக் கேக்கறேன். நாளைக்கு, நாளைக்குன்னே ஓட்டிட்டீங்க.

— அது வேற, இது வேற. பேச்சை மாத்தாத. நான் வண்டி ஓட்டுறதுல உனக்கு என்ன குறை? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கீறல் உண்டா?

— கீறல் இல்லதான். போன மாசம் பால் பூத் முக்குல அந்தச் சைக்கிள்காரப் பெரியவருக்கும் ஒரு கீறல் விழல. யார் நிறுத்தினது வண்டியை? நீங்களா?

— அவன் திடீர்னு வந்து விழுந்தான்.

— அவர் எங்கேயும் விழலங்க. முக்குல இருந்தே நம்ம கூடத்தான் வந்துக்கிட்டிருந்தார். நான் பாத்துக்கிட்டே இருந்தேன், நீங்களும் பாக்கறீங்கன்னு நெனச்சேன். சின்னவ என்ன சொன்னா தெரியுமா? அம்மா, அப்பா பாக்கறதில்லம்மா, வண்டிதான் நிக்குதுங்கறா. பதிமூணு வயசுப் புள்ள. உங்க மனசு கஷ்டப்படும்னு உங்ககிட்ட சொல்லாம, என்கிட்ட வந்து சொல்லிட்டு அழறா.

— சின்னவளா? அவ அப்படிச் சொன்னாளா?

— கண் டாக்டர்கிட்ட வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்? வாசல் வரைக்கும் வந்துட்டு செருப்பு அறுந்துடுச்சுன்னு திரும்பிப் போன ஆளு நீங்க.

— போர்டுல இருக்கிற கடைசி வரி வரைக்கும் இப்பவும் படிப்பேன். அதோ, அந்தச் சுவத்துல இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கவா? நிபந்தனைகளுக்கு உட்பட்டது. போதுமா? தினமும் எட்டு மணி நேரம் வண்டியில இருக்கறவன்மா நான். கண்ணு போயிருந்தா எனக்குத் தெரியாதா?

— ஸ்கூல் வண்டியில நீங்க இடது சீட்டுல உக்காருறீங்க. படிக்கிற பையன், ரோடு, எதிர்ல வர்ற லாரி, எல்லாம் உங்களுக்கு வலது பக்கம். உங்க இடது பக்கம் கதவுதான் இருக்கு. எப்படித் தெரியும்?

— தம்பி, நீ சொல்லு. இந்தப் பேச்சுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?

— எனக்கு... நான் வேணும்னா சாவியைக் கொஞ்ச நேரம் இங்கேயே வச்சுக்கறேன் சார்.

— நீயும் சேர்ந்துக்கிட்டியா? நல்ல கூத்து. ஒரு சாஃப்ட்வேர் கேட்டு வந்தேன், என் கண்ணைக் கழட்டி மேஜை மேல வைக்கறீங்க ரெண்டு பேரும்.

— பயமா இருக்குங்க. வேற ஒண்ணும் இல்ல. பத்து மாசமா தினம் காலையில நீங்க ரெண்டு பேரும் திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு ஒரு வேலை ஓடுறதில்ல. அந்த மிஷின் இருக்கு, அது பாத்துக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இனிமே அதுவும் இல்ல.

— அழாதம்மா. இப்ப என்ன பண்ணணுங்கற? சொல்லித் தொலை. பண்ணிட்டுக் கிளம்பலாம்.

— நான் உங்க இடது பக்கம் உக்காந்துக்கறேன், நீங்க தம்பி முகத்தை மட்டும் பாருங்க. என் பக்கம் திரும்பக் கூடாது.

— சரி.

— கண்ணும் திரும்பக் கூடாது.

— திரும்பல, திரும்பல. அவன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஏன் தம்பி நீ இப்படி முழிக்கிற?

— என் கையில எத்தனை விரல்?

— விளையாடாதம்மா, நேரமாகுது. முதல்ல கையைத் தூக்கு, அப்புறம் கேளு.