குரங்குத் தாழ்ப்பாள்

சின்ன வீட்டில் குடியிருப்பதென்றால் முதலில் செருப்பைக் குறைக்க வேண்டும், சார். ஆளுக்கு ஒரு ஜோடி போதும். இருபதடி நீளம், எட்டடி அகலம். அதற்குள்ளேயே அடுப்பு, குளியலறை, ஏணியில் ஏறிப் படுக்க மேலே ஒரு பரண். சனி, ஞாயிறில் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் நாலு படம் எடுத்துக்கொண்டு, அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வருஷம் முழுக்க இருக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கோத்தா திங்கியைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில், ஆற்றோரம் இருக்கிறது எங்கள் விடுமுறைக் குடியிருப்பு. பன்னிரண்டு பலகை வீடுகள். நான் அங்கே பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அதற்கு முன் இருபத்தாறு வருஷம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினேன். முதலாளி ஜொகூர் பாருவில் இருக்கிறார். வேலையோடு ஒன்றாம் நம்பர் வீட்டையும் எங்களுக்குக் கொடுத்தார்.

என் மனைவி சந்திரமதிக்கு முதலில் அங்கே பிடிக்கவில்லை. தையல் மெஷினை எங்கே வைப்பது என்று கேட்டாள். இடமில்லை என்றேன். விற்றுவிட்டோம். அவளுடைய கைப்பேசியையும் வேண்டாமென்றேன். இரண்டு பேர் எந்நேரமும் ஒரே இடத்தில் இருக்கும்போது ஒன்று போதாதா? அவளும் சரியென்றாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் நான் அவளைக் கைநீட்டி அடித்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டாம் நம்பர் வீட்டுக்கு சூசையம்மாள் வந்தார். குளுவாங் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மிஸி என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணம் ஆகாதவர். ஆற்றைப் பார்த்துக்கொண்டு ஆறு மாதம் இருக்கப் போகிறேன் என்று வந்தவர், ஒன்றரை வருஷம் இருந்தார். நல்ல மனுஷி. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

சந்திரமதி காலையில் பாத்திரம் கழுவிவிட்டு அங்கே போவாள். பத்து நிமிஷம் என்பது மத்தியானம் வரை ஆகும். பலகைச் சுவர்தானே, எல்லாம் கேட்கும். அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். உங்களுக்கு இது விளங்குமா என்று தெரியவில்லை. அவள் அப்படிச் சிரிப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. முப்பது வருஷமாகக் கூடவே இருக்கிறவனுக்குத் தெரியாத ஒன்றை, நேற்று வந்த ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் குரங்குத் தொல்லை அதிகம். கதவைத் திறந்து உள்ளே புகுந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் எல்லா வீட்டுக் கதவுக்கும் வெளிப்புறம் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடித்தேன். மிஸிகூட எனக்கு நன்றி சொன்னார்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் சாப்பிடும்போது சந்திரமதி சொன்னாள்:

"மிஸி ஊருக்குத் திரும்பிப் போறாங்களாம். குளுவாங்ல தம்பி வீட்டுக்கு முன்னால ஒரு கடை காலியா இருக்காம். நானும் கூடப் போய்த் தையல் போடலாம்னு பாக்கிறேன்."

"எத்தன நாளைக்கு?"

"பாக்கலாம்ங்க."

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். டிசம்பர் இருபதாம் தேதி புறப்படுவதாக இருந்தது.

பதினேழாம் தேதி காலை எட்டு மணிக்கு, மேல்தோட்டத்து வீரமுத்து நனைந்துகொண்டே மோட்டார் சைக்கிளில் வந்தார். ஆறு கரையை உடைத்துவிட்டது, பத்து மணிக்குள் இங்கே வந்துவிடும், எல்லாரையும் ஏற்றிவிடுங்கள் என்றார். வார நாள், மூன்று வீட்டில்தான் ஆள் இருந்தது. பத்தாம் நம்பர் வீட்டில் ஒரு சீனத் தம்பதி. அவர்களிடம் சொன்னேன், காரில் கிளம்பிவிட்டார்கள். சந்திரமதியை என் மோட்டார் சைக்கிளில் ஏறச் சொன்னேன்.

"மிஸி?"

"சொல்லிட்டேன். அவங்க தம்பி ரொனால்ட் கார்ல வந்துக்கிட்டு இருக்காராம்."

"ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திடறேன்."

"நேரமில்ல, ஏறு."

ஏறினாள். மேட்டிலிருக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில் அவளை விட்டுவிட்டு, வீடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினேன். அப்போது தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்திருந்தது. மிஸி உள்ளே துணி அடுக்கிக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லை. கைப்பேசியில் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் எங்கள் பக்கம் பெரிய சாலைக்குத்தான் போக வேண்டும்.

"என்ன சதாசிவம், தண்ணி ஏறுதே. சந்திரா எங்க?"

"வீட்லதான் இருக்கு. படகு வருது மிஸி. வெளிய வராதீங்க, இழுத்துட்டுப் போயிடும். உள்ளயே இருங்க."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். தற்செயலாக நடந்தது என்றோ பதற்றத்தில் செய்தேன் என்றோ நீங்கள் எழுத வேண்டாம். தெரிந்துதான் செய்தேன்.

தண்ணீர்த் தொட்டி மேடையில் ஏறி நின்றேன். மழையில் எல்லாம் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் கேட்டது. முதலில் என் பெயரைச் சொன்னார். அப்புறம் தட்டினார். பழுப்பு நிறத் தண்ணீர் ஜன்னலைத் தாண்டிப் பரணை எட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் நினைத்ததைவிட மெதுவாகத்தான் ஏறியது.

மறுநாள் வடிந்ததும் தீயணைப்புப் படையினர் வந்தார்கள். இடம் எனக்குப் பழக்கம் என்பதால் முன்னால் நடந்தேன். தாழ்ப்பாளை நீக்கியதும் நான்தான். எத்தனை முறை சொல்லியும் அந்த அம்மா கேட்கவில்லை என்றேன். வயதானவர்கள் அப்படித்தான் என்று ஒருவர் என் தோளைத் தட்டினார்.

அன்றிலிருந்து சந்திரமதி பேச்சை நிறுத்திவிட்டாள். சமைப்பாள், துவைப்பாள், எதிரே உட்கார்ந்திருப்பாள். எங்கும் போவதில்லை. நான் வெளியே கிளம்பும்போது குரங்கு வராமலிருக்கத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவேன். அவள் ஏன் என்று கேட்டதில்லை. முதலாளி பழையதை அகற்றிவிட்டு, புதிதாக ஒரு இரண்டாம் நம்பர் வீட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் நிரந்தரமாக யாரையும் குடிவைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். மனம்விட்டுச் சொல்கிறேன் சார், அந்த இரண்டு வருஷம்தான் நாங்கள் நிம்மதியாக இருந்த காலம். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

போன வாரம் மிஸியின் இரண்டாம் வருஷ நினைவு நாளுக்கு ரொனால்ட் வந்தார். ஆற்றங்கரையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு எங்கள் வாசலில் நின்றார். "அன்னைக்கு எனக்கு யாராச்சும் ஒரு போன் பண்ணியிருந்தா வந்திருப்பேன், அக்கா. சாயங்காலம் செய்தியிலதான் பார்த்தேன்" என்று சந்திரமதியிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். அவள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"மிஸி கதவத் தட்டினாங்களா?"

நான் அவளிடம் எதையும் மறைக்கிறவன் இல்லை. அவ்வளவு சின்ன வீட்டில் மறைத்து வைக்க இடமும் இல்லை.

"தட்டினாங்க."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரந்தான்."

"யாரக் கூப்பிட்டாங்க?"

"மொதல்ல என்னய. அப்புறம் உன்னய. நீ பக்கத்து வீட்ல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டாங்க. ரொம்ப நேரம் உன்னயத்தான் கூப்பிட்டாங்க."

அவள் களைந்த தண்ணீரைக் கொட்டினாள். அரிசியை உலையில் போட்டாள். வெந்ததும் எனக்குப் பரிமாறினாள். அவள் சாப்பிடவில்லை. ஆனாலும் இரண்டு வருஷத்துக்குப் பிறகு பேசினாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து, தாழ்ப்பாள் போடுவதையும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் நான் பம்பு பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் ஜீப் வந்தது.

மேசையில் இருக்கிற இந்த நாலு பக்கமும் அவள் கைப்பட எழுதியதுதான். ஒத்துக்கொள்கிறேன். இதில் எழுதியிருப்பதெல்லாம் நடந்ததுதான்; எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். புகார் கொடுக்கத்தான் பதினோரு கிலோமீட்டர் வெயிலில் தனியாக நடந்து ஸ்டேஷனுக்கு வந்தாள் என்கிறீர்கள். என்னை விட்டுவிட்டு எங்கேயும் போகிறவள் இல்லை சார் அவள். வீட்டில் என்னைக் காணோமென்று தேடிக்கொண்டுதான் வந்திருப்பாள்.